மன்னிப்பு கிடைத்துவிட்டது, வரப்பு இன்னும் அங்கேயே இருக்கிறது

வாசகர் கேள்வி - பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தைத்தான் தொடுகின்றன. பாவத்தை அறிக்கையிட்டாயிற்று, விட்டும் விட்டாயிற்று. ஆனால் அது விட்டுப்போன சேதம் வயலிலும் வீட்டிலும் உடம்பிலும் அப்படியே கிடக்கிறது, அதை என்ன செய்வது என்று கேட்கிறீர்கள். எழுதியவர்களின் பெயரை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறோம்.

இருபத்தைந்து வருடம் குடித்தேன். இரண்டு வருடம் முன்பு மனந்திரும்பினேன், அதற்குப் பிறகு தொடவில்லை. போன மாதம் ஸ்கேன் பார்த்து, கல்லீரல் சுருங்கிவிட்டது, சிரோசிஸ் என்றார்கள். கர்த்தர் மன்னித்தது உண்மையானால் இது ஏன்? லெந்து நாட்கள் நாற்பதும் உபவாசம் இருந்து ஜெபித்தால் எடுத்துப்போடுவாரா?
- வாசகர், நீடாமங்கலம்

கர்த்தர் மன்னித்தாரா என்பதற்கும், கல்லீரல் ஏன் சுருங்கியது என்பதற்கும் பதில் வேறு வேறு. இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டுக்கொண்டதால்தான் உங்கள் நெஞ்சு இத்தனை பாரமாக இருக்கிறது.

2 சாமுவேல் 12ஆம் அதிகாரத்தை இன்றைக்கு முழுவதும் வாசியுங்கள். உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, உரியாவைக் கொல்லவும் வைத்த தாவீது ராஜாவை நாத்தான் தீர்க்கதரிசி கண்டித்த இடம் அது. "நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்" என்று தாவீது சொன்னவுடன், கர்த்தர் உன் பாவம் நீங்கச்செய்தார் என்கிறான் நாத்தான். ஒரு நாள்கூடத் தள்ளிப்போடவில்லை. ஆனால் சற்று முன் சொன்ன வார்த்தையை, பட்டயம் (வாள்) உன் வீட்டை விட்டு விலகாது என்பதை, அவன் திரும்ப வாங்கிக்கொள்ளவும் இல்லை. அவன் மகன்கள் அம்னோன், அப்சலோம் என்று அது வரிசையாக நடந்தது. தாவீது தள்ளப்பட்டவனாக அதை அனுபவிக்கவில்லை, மன்னிக்கப்பட்டவனாக அனுபவித்தான். அதே அதிகாரத்தின் முடிவில் சாலொமோன் பிறக்கிறான். கர்த்தர் அவனிடத்தில் அன்பாயிருந்தார் என்று எழுதியிருக்கிறது. விளைவும் அன்பும் ஒரே வீட்டில், ஒரே காலத்தில் இருந்தன. உங்கள் ஸ்கேன் ரிப்போர்ட் உங்கள் இரட்சிப்பைப் பற்றி எழுதிய தாள் அல்ல.

உபவாசத்தைப் பற்றிக் கேட்டீர்கள். வேண்டாம். உறுதியாகவே சொல்கிறோம். சுருங்கிய கல்லீரலால் இரவு முழுவதற்கும் வேண்டிய சர்க்கரையைச் சேமித்து வைக்க முடியாது. நீண்ட நேரம் பட்டினி கிடந்தால் உடம்பு தன் தசையையே கரைத்துச் சாப்பிடத் தொடங்கும். அதனால்தான் இந்த நோயாளிகளைப் படுக்கப்போகும் முன்பும் ஏதாவது சாப்பிடச் சொல்கிறார்கள். முட்டை, பயறு, பால் சேருங்கள். வயிற்றில் நீர் கோத்திருந்தால் ஊறுகாய், கருவாடு, அப்பளத்தை நிறுத்துங்கள். நம் பக்கத்துச் சாப்பாட்டில் உப்பு ஒளிந்திருப்பது அங்கேதான். மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் தானாக மாத்திரை வாங்க வேண்டாம். டைக்ளோஃபெனாக், ஐபூப்ரோஃபென் இரண்டும் உங்களுக்கு ஆபத்து. பாராசிட்டமாலும் மருத்துவரைக் கேட்டுத்தான், நாளுக்கு 2 கிராமைத் தாண்டக்கூடாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன், மருத்துவர் சொல்லும்போது எண்டோஸ்கோபி. மலம் கறுத்துப் போனாலோ, ரத்த வாந்தி வந்தாலோ, பேச்சு குழறினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

சுகத்துக்காக ஜெபியுங்கள். தாவீதும் வியாதிப்பட்ட தன் பிள்ளைக்காக ஏழு நாள் தரையில் கிடந்து கேட்டான். பிள்ளை இறந்ததும் எழுந்து, குளித்து, கர்த்தருடைய ஆலயத்தில் பணிந்து, வந்து சாப்பிட்டான். கேட்பதும் உண்டு, எழுந்து சாப்பிடுவதும் உண்டு. இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: ஏற்பட்ட தழும்பு பெரும்பாலும் மறையாது, ஆனால் குடியை நிறுத்தியவர்களுக்குச் சேதம் பரவுவது மட்டுப்படுகிறது, ஆயுள் நீள்கிறது. அந்த இரண்டு வருடம் வீணாகவில்லை.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. தினமும் காலையிலேயே குடிக்கும் ஒருவரை ஜெபக் கூட்டத்தில் "இன்றோடு விடு" என்று எழுப்பி நிறுத்தி, வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். நிறுத்திய சில மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும் வரும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் இல்லாததைப் பார்த்துப் பேசும் சன்னி வரலாம். இதில் உயிரே போகும். அதைப் பிசாசு என்று எண்ணிக் கட்டிப்போடுவதும் நடக்கிறது. முடிவெடுத்த அன்றே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப்போய், மருந்தோடு நிறுத்த வேண்டும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416 அல்லது 104க்கு அழைத்தால் வழி சொல்வார்கள்.

எங்கள் அப்பா காலத்திலிருந்து பக்கத்து வயல் வரப்பை வருடம் கொஞ்சமாக வெட்டி வெட்டி எங்கள் பக்கம் சேர்த்துக்கொண்டோம். 240 அடி நீள வரப்பு, இப்போது மூன்று அடி நகர்ந்திருக்கும். ஏறத்தாழ 22 வருடம். அப்பா இறந்துவிட்டார். இராப்போஜனம் எடுக்கும்போதெல்லாம் உறுத்துகிறது. "பன்னிரண்டு வருடம் தாண்டினால் சட்டப்படி நமக்கே, பேசாமல் இரு" என்கிறார் தம்பி.
- வாசகர், குடவாசல்

தம்பி சொல்லும் வாதம் நீதிமன்றத்தில் நிற்குமா என்பது வேறு விஷயம். எதிரிடை அனுபவம் (நீண்டகாலம் அனுபவித்ததால் நிலம் நமக்கே என்பது) என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் மேல்தான் விழும். எங்கள் கவலை அதுவல்ல. கேட்க ஆள் இல்லாமல் போகும் காலவரம்பைத்தான் சட்டம் சொல்கிறது. பிறனுடைய எல்லைக்குறியைத் தள்ளிவைக்கிறவன்மேல் ஏபால் மலையில் கூறச்சொன்ன சாபத்துக்கு (உபாகமம் 27:17) எந்தக் காலவரம்பும் போடப்படவில்லை. அந்த அதிகாரத்தில் இரகசியமாகச் செய்யும் பாவங்களே அதிகம் வருவதைக் கவனியுங்கள். ஊருக்குத் தெரியாமல் மண்வெட்டியால் வருடத்துக்கு ஒரு விரற்கடை வெட்டுவது அந்த வகையில்தான் சேரும்.

எவ்வளவு எடுத்தீர்கள் என்று முதலில் கணக்குப் போடுங்கள். "ஏதோ கொஞ்சம்" என்று மனதில் இருக்கும்வரை பயம்தான் இருக்கும், கணக்கு வந்தால் வேலை தொடங்கும். 240 அடிக்கு மூன்று அடி, 720 சதுர அடி. குழிக்கு 144 சதுர அடி, ஆக 5 குழி. ஒரு மா நிலத்துக்கு (100 குழி) 60 கிலோ நெல் மூட்டை பத்து கண்டது என்று வைத்தால் குழிக்கு 6 கிலோ, ஐந்து குழிக்கு ஒரு போகத்தில் 30 கிலோ. வருடம் ஒரு சம்பா மட்டும் என்றாலும் 22 வருடத்துக்கு 660 கிலோ. எண்ணாகமம் 5:7 முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டச் சொல்கிறது: 132 கிலோ. மொத்தம் 792 கிலோ, பதின்மூன்று மூட்டையும் 12 கிலோவும். குறுவையும் போட்ட வருடங்கள் இருந்தால் அவற்றையும் சேர்க்க வேண்டும். ஆரம்பத்தில் ஒரு அடிதானே நகர்ந்திருந்தது என்றால் தொகை குறையும். ஆனால் அப்பா எந்த வருடம் எவ்வளவு வெட்டினார் என்று தெரியாதபோது சந்தேகத்தின் பலனைப் பக்கத்து வயல்காரருக்குக் கொடுங்கள், உங்களுக்கு அல்ல. விதை, உரம், நடவுக்கூலியைக் கழிக்கலாமா என்ற எண்ணமும் வரும். கழிக்காத கணக்கைச் சொல்லுங்கள், "செலவைக் கழித்துக்கொள்" என்று சொல்லும் உரிமை அவருடையது.

ஏன் ஐந்தில் ஒரு பங்கு, நான்கு மடங்கு இல்லையா என்று சிலர் கேட்பார்கள். பிடிபட்ட திருடனுக்கு நியாயப்பிரமாணம் வைத்தது இரட்டிப்பு. ஆட்டை விற்றுவிட்டால் நான்கு மடங்கு, மாட்டுக்கு ஐந்து (யாத்திராகமம் 22:1, 4). தானே வந்து ஒத்துக்கொள்பவனுக்கு வைத்தது ஐந்தில் ஒன்று. ஒத்துக்கொள்ள வருபவனுக்குக் கதவைத் திறந்துவைத்த சட்டம் அது. இயேசுவைச் சந்தித்த வரிவசூல்காரன் சகேயு தானே முன்வந்தும் திருடனுக்குரிய நான்கு மடங்கைத் தன்மேல் போட்டுக்கொண்டான். அது அவன் உள்ளம் பொங்கிச் செய்தது. உங்களை யாரும் அப்படிக் கட்டாயப்படுத்த முடியாது.

இனி வரிசையில் ஒன்று மாறினாலும் காரியம் கெட்டுப்போகும், ஆகவே கவனமாகச் செய்யுங்கள். முதலில் தம்பியிடமும், கூட்டுப் பட்டாவில் வேறு யார் பெயர் இருந்தாலும் அவர்களிடமும் பேசுங்கள். அவர்கள் சம்மதிக்காவிட்டால் உங்கள் பாகத்தில் இருந்தாவது விளைச்சல் கணக்கைத் தீர்க்கலாம். அடுத்து, சர்வேயரை அழைக்கும் முன்பே பக்கத்து வயல்காரரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். சொல்லாமல் சங்கிலியும் கல்லுமாக ஆள் வந்து நின்றால், நீங்கள் இன்னும் பிடுங்க வந்திருப்பதாகத்தான் நினைப்பார், பேச்சு அங்கேயே முறியும். டீக்கடையில் வேண்டாம், அவர் வீட்டுத் திண்ணையில் சொல்லுங்கள். அவர் கத்துவார். கத்தட்டும். அவருடைய கோபமும் நீங்கள் தாங்க வேண்டிய விளைவில் ஒரு பங்கு.

பிறகு தாலுகா அலுவலகத்தில் கட்டணம் கட்டி எல்லை அளக்க மனுக் கொடுங்கள். பட்டா நகலும் புலப்படமும் கையில் இருக்கட்டும். சம்பா அறுத்தபின் உளுந்து, பயறு கிடக்கும் வயலானால் அதைப் பறித்த பிறகு, சித்திரை வைகாசியில் அளப்பது நல்லது. ஜூன் 12 மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் அளவும் தள்ளிப்போகும், மனமும் தள்ளிப்போகும். சர்வே கல்லை நீங்களாகத் தொடாதீர்கள். நகர்த்துவது வரப்பை மட்டும்.

புது வரப்பைக் காய்ந்த மண்ணில் அள்ளிப்போட்டால் முதல் தண்ணீரிலேயே கசியும், பிறகு மடை உடைந்து அவர் நாற்று முழுகினால் அது புதுச் சண்டை. மண்ணை நனைத்து மிதித்து ஏற்றி, நடவுக்கு முன் இரு பக்கமும் அண்டை வெட்டிச் சேறு பூசுங்கள். பழைய வரப்பில் எலி வளை, நண்டு வளை இருக்கும், அதை முழுவதும் கலைத்து மிதித்துவிட்டுத்தான் அவர் பக்கம் உழ வேண்டும். இதற்கான கூலி எல்லாம் உங்களுடையது.

நான் எங்கள் சபை மாதர் சங்கப் பொருளாளர். மூன்று வருடத்தில் சங்கப் பணம் 84,000 ரூபாயை வீட்டுச் செலவுக்கு எடுத்துவிட்டேன். யாருக்கும் தெரியாது. ஆராதனையில் எல்லார் முன்பும் நின்று சொல்ல வேண்டுமா? குழுக் கடன் வாங்கி உடனே கட்டிவிடலாமா?
- வாசகி, பட்டுக்கோட்டை

சேதம் எவ்வளவு தூரம் போயிற்றோ, அறிக்கையும் அவ்வளவு தூரம் போனால் போதும். பணம் சங்கத்துப் பெண்களுடையது, ஆகவே போதகருக்கும் சங்கக் கமிட்டிக்கும் சொல்ல வேண்டும். ஞாயிறு ஆராதனையில் சிறு பிள்ளைகள் முன்னால் நிற்க வேண்டிய தேவை இல்லை. அதற்கு முன் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். அவர் கமிட்டியிலிருந்து கேள்விப்பட்டால் அது இரண்டாவது காயம்.

குழுக் கடன் வேண்டாம். வாரத் தவணை கட்ட முடியாமல் மறுபடி யாருடைய பணத்திலாவது கை வைக்கத் தோன்றும். ஐந்தில் ஒரு பங்கு 16,800 சேர்த்தால் 1,00,800. மாதம் 4,200 என்றால் 24 மாதத்தில் முடியும். நகை இருந்தால் விற்று ஒரு பகுதியை முதலிலேயே கட்டுங்கள். அது உங்கள் வார்த்தைக்கு எடை சேர்க்கும். மாதம் எந்தத் தேதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, சங்கத்தின் வங்கிக் கணக்கிலேயே கட்டி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். யார் கையிலும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்.

கமிட்டிக்குப் போகும்போது ரொக்கப் புத்தகம், பாஸ் புத்தகம், தேதிவாரியாக எடுத்த பட்டியல், ராஜினாமாக் கடிதம் நான்கும் கையில் இருக்கட்டும். ஒரே தடவையில் முழுத் தொகையையும் சொல்லுங்கள். இன்றைக்கு ஐம்பதாயிரம், அடுத்த மாதம் "இன்னும் கொஞ்சம் இருக்கிறது" என்றால், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் உண்மையையும் யாரும் நம்பமாட்டார்கள்.

கடிதம் எழுதும்போது வினைச்சொல்லைக் கவனியுங்கள். நம் தமிழில் தப்பித்துக்கொள்ள ஒரு வசதி உண்டு: "தவறு நடந்துவிட்டது", "பணம் செலவாகிவிட்டது". யாரும் செய்யாமல் தானாக நடந்தது போல ஒலிக்கும். "நான் எடுத்தேன்" என்று எழுதுங்கள். "என்னையறியாமல்", "சாத்தான் ஏமாற்றிவிட்டான்", "கஷ்டம் அப்படி" ஆகிய மூன்றையும் வெட்டுங்கள். "பாவஞ்செய்தேன்" என்று சவுல் ராஜாவும்தான் சொன்னான் (1 சாமுவேல் 15). ஆனால் ஜனங்களுக்குப் பயந்ததால் செய்தேன் என்று காரணத்தை ஒட்டவைத்தான், கொஞ்ச நேரத்தில் மூப்பர்களுக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்று கேட்டான். தாவீதின் வாயில் அந்த ஒட்டு இல்லை.

அவர்கள் மன்னித்தாலும் பொருளாளர் பொறுப்பு திரும்ப வராது, வரவும் வேண்டாம். சிலர் போலீசுக்குப் போகலாம் என்பார்கள். அதற்கும் மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் சட்ட உதவி இலவசம். தாலுகா நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் குழுவிலோ, 15100 எண்ணிலோ கேட்டு, ஒரு வக்கீலிடம் பேசிவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.

எங்கள் ஒன்றரை வயதுப் பையனுக்குக் காது கேட்கவில்லை. வீட்டார் சம்மதம் இல்லாமல் ஓடிப்போய் மணம் செய்ததால் வந்த தண்டனை என்கிறார் மாமியார். ஒரு ஊழியர் வந்து, இது தாத்தா காலத்துச் சாபம், இருபத்தொரு நாள் ஜெபித்து உடைக்க வேண்டும் என்று காணிக்கையும் கேட்கிறார்.
- வாசகி, திருத்துறைப்பூண்டி

இது நீங்கள் சுமக்க வேண்டிய சுமை அல்ல, இறக்கி வையுங்கள். பிறவிக்குருடனைப் பார்த்து உங்கள் மாமியார் கேட்டதையேதான் சீஷர்களும் கேட்டார்கள்: யார் செய்த பாவம், இவனா, பெற்றவர்களா? இவன் பாவமும் அல்ல, பெற்றவர்கள் பாவமும் அல்ல என்றார் இயேசு (யோவான் 9:3). தகப்பன்மார் காயைத் தின்றார்கள், பிள்ளைகளுக்குப் பல் கூசிற்று என்ற பழமொழியை இனி இஸ்ரவேலில் சொல்லக்கூடாது என்று எசேக்கியேல் 18இல் கர்த்தரே ஆணையிட்டுத் தடுத்தார். "தாவீதின் பிள்ளை செத்ததே" என்று எதிர்க்கேள்வி வரும். அது ஒரு தீர்க்கதரிசியின் வாயால் அந்த ஒரு வீட்டுக்குச் சொல்லப்பட்ட வார்த்தை. அதை எடுத்து இன்னொரு வீட்டுத் தொட்டிலில் கட்ட யாருக்கும் அதிகாரம் கொடுக்கப்படவில்லை. பெற்றவர்களைப் புண்படுத்தினீர்கள் என்றால் அதற்கு அவர்களிடம் மன்னிப்புக் கேளுங்கள். அந்தக் கணக்கில் பையனை இழுக்காதீர்கள்.

பாவமும் உடற்கூறும் வேறு. நம் பக்கம் மாமன் மகள், அக்காள் மகள் கட்டும் குடும்பங்களில், இரண்டு பக்கமும் ஒரே மரபணுக் குறை மறைந்திருந்தால் பிள்ளைக்குக் காது கேளாமை வரும் வாய்ப்பு கூடுகிறது. கர்ப்பத்தில் வந்த ருபெல்லா அம்மை, குறைமாதப் பிறப்பு, பிறந்தவுடன் கடுமையான மஞ்சள் காமாலை எனக் காரணங்கள் பல. ஓடிப்போய்ச் செய்த கல்யாணம் எந்த மருத்துவப் பட்டியலிலும் இல்லை.

அந்த இருபத்தொரு நாள்தான் எங்களைப் பயமுறுத்துகிறது. காணிக்கை போனால் போகட்டும். பேச்சைக் கற்றுக்கொள்ளும் மூளையின் வாசல் முதல் சில வருடங்கள்தான் அகலத் திறந்திருக்கும். இருபத்தொரு நாள் நாற்பதாகும், நாற்பது ஒரு வருடமாகும், "விசுவாசம் போதவில்லை" என்று பழி உங்கள்மேல் திரும்பும். இந்த வாரமே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போய், பெரா என்னும் காது நரம்புப் பரிசோதனை கேளுங்கள். பிள்ளை தூங்கும்போது தலையில் ஒட்டுக்கம்பி வைத்துப் பார்ப்பார்கள், வலிக்காது. முதலில் காதுக் கருவி, அது போதாவிட்டால் காக்ளியர் இம்ப்ளான்ட் (அறுவைசிகிச்சை செய்து உட்காதில் வைக்கும் கருவி). ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த அறுவைசிகிச்சைக்கு இடம் உண்டு. காப்பீட்டு அட்டையும் குடும்ப அட்டையும் எடுத்துப்போங்கள். கருவி வைத்தால் மட்டும் பேச்சு வந்துவிடாது. மாதக்கணக்கில் பேச்சுப் பயிற்சி வேண்டும், அதில் பாதி வேலை வீட்டில் நீங்கள் செய்வது. மாமியாரையும் பயிற்சிக்கு அழைத்துப்போங்கள், அவரும் பேரனோடு பேசட்டும்.

கஜா புயல் எங்கள் பகுதியின் பாவத்துக்கு வந்த தண்டனையா?
- வாசகர், முத்துப்பேட்டை

சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேர் மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகளா என்று இயேசு கேட்டு, அல்ல என்று அவரே பதிலும் சொன்னார் (லூக்கா 13:4-5). 2018 நவம்பர் 16 விடியலில் சாய்ந்த தென்னைகளில் விசுவாசி வீட்டு மரமும் இருந்தது, கொடியவன் வீட்டு மரமும் இருந்தது. கடல் சூடு, காற்றழுத்தம், கரை கடந்த இடம் ஆகியவற்றின் விளைவு அது. ஆனால் நிவாரணப் பட்டியலில் இல்லாத மரத்தைச் சேர்த்தோ, சாய்ந்த மரத்தைச் சொல்லாமல் விட்டோ எழுதியவர்கள் இருந்தால், அது பாவம். அதற்கு மேலே குடவாசல்காரருக்குச் சொன்ன கணக்கு பொருந்தும்.

கணவர் பத்து வருடம் அடித்தார். ஒரு முறை கை முறிந்தது. பிள்ளைகளோடு அம்மா வீட்டில் இருக்கிறேன். ஐந்து மாதம் முன்பு இரட்சிக்கப்பட்டதாகச் சொல்லி, சபையார் நான்கு பேரோடு வந்து கூப்பிடுகிறார். "மன்னிக்காவிட்டால் பரமபிதாவும் உன்னை மன்னிக்கமாட்டார்" என்கிறார்கள். புகாரையும் வாபஸ் வாங்கச் சொல்கிறார்கள்.
- வாசகி, மயிலாடுதுறை

அம்மா, மன்னிப்பது ஒன்று, நம்புவது ஒன்று, கூடி வாழ்வது ஒன்று. முதலாவதைக் கர்த்தர் உங்களிடம் கேட்கிறார், அதற்கும் காலம் கொடுக்கிறார். இரண்டாவதை அவர் சம்பாதிக்க வேண்டும். மூன்றாவது அந்த இரண்டாவதைப் பொறுத்தது. வசனத்தைச் சாவியாக வைத்து உங்கள் கதவைத் திறக்கப் பார்ப்பது வந்த நால்வரின் தவறு.

யோசேப்பைப் பாருங்கள். தன்னை அடிமையாக விற்ற சகோதரர் எகிப்துக்கு வந்த அன்றே அவன் கட்டிப்பிடிக்கவில்லை. தனியே போய் அழுதான், அதாவது உள்ளே இளகியிருந்தான். ஆனாலும் தன்னை வெளிப்படுத்தவில்லை. கடைசித் தம்பி பென்யமீனின் சாக்கில் பாத்திரத்தை வைத்து, அன்றைக்குத் தன்னைக் கைவிட்டது போல இவனையும் விட்டுவிட்டுப் போகிறார்களா என்று அதே நிலைமையில் அவர்களை நிறுத்திப் பார்த்தான். யோசேப்பை விற்றுவிடலாம் என்று யோசனை சொன்ன அதே யூதா, "இவனுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன்" என்றான் (ஆதியாகமம் 44:33). அதற்குப் பிறகுதான் 45ஆம் அதிகாரம்.

உங்கள் கணவர் சபையில் அழுகிறாரா என்பது சோதனை அல்ல. கூலி வாங்கும் நாளில், நீங்கள் "இல்லை" என்று மறுக்கும்போது, கோபம் வரும் அதே நிலைமையில் கை ஓங்காமல் இருக்கிறாரா என்பதே சோதனை. அது தெரிய ஐந்து மாதம் போதாது. ஒரு வருடமாவது தனித்தனியே இருங்கள். அதற்குள் அவர் செய்ய வேண்டியவை: பிள்ளைகளின் செலவை மாதம் தவறாமல் உங்கள் கணக்கில் கட்டுவது, குடிப்பழக்கம் இருந்தால் சிகிச்சை, ஆலோசகரிடம் தொடர்ந்து போவது, கை முறித்ததைத் தன் வாயால் உங்கள் பெற்றோரிடம் ஒத்துக்கொள்வது, பிள்ளைகளைப் பெரியவர் ஒருவர் இருக்கும்போது மட்டும் பார்ப்பது. இதற்கு ஒத்துக்கொண்டு பொறுமையாக இருந்தால் அது மனந்திரும்புதலின் கனி. "நான் மாறிவிட்டேன், இன்னும் ஏன் வரவில்லை" என்று மிரட்டினால், மாறவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

புகாரை வாபஸ் வாங்க வேண்டியதில்லை. அதிகாரம் வீணாகப் பட்டயம் பிடித்திருக்கவில்லை என்று ரோமர் 13இல் எழுதிய பவுல்தான் மன்னிப்பையும் பிரசங்கித்தார். 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி பாதுகாப்பு உத்தரவு, வசிக்கும் உரிமை, செலவுத்தொகை மூன்றும் கேட்கலாம். மாவட்ட சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் மனு எழுத உதவுவார். அவசரத்துக்கு 181. கை முறிந்தபோது எடுத்த எக்ஸ்ரே, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றையும் அம்மா வீட்டிலேயே வைத்திருங்கள்.

நான் கத்தோலிக்கன். முப்பது வருடம் முன்பு ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தபோது கல்லாவில் ஏறத்தாழ 6,000 ரூபாய் எடுத்தேன். முதலாளி இறந்துவிட்டார். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன், குருவானவர் அபராதமாகச் செபம் கொடுத்தார், செய்தேன். அந்தப் பணத்தை வேளாங்கண்ணி உண்டியலில் போட்டால் சரியாகிவிடுமா?
- வாசகர், நாகப்பட்டினம்

பாவமன்னிப்பு பாவத்தை அகற்றுகிறது, பாவம் உண்டாக்கிய சீர்கேட்டை எல்லாம் சரிசெய்துவிடுவதில்லை, திருடியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று உங்கள் திருச்சபையின் மறைக்கல்வி நூலே (எண் 1459) சொல்கிறது. செபம் செய்தது நல்லது. பணம் இன்னும் பாக்கி.

முதலாளிக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். இருந்தால் அது அவர்கள் பணம். கடனாகக் கொடுக்க வேண்டியதைக் காணிக்கையாகப் போட முடியாது, மாதாவுக்கும் அது வேண்டாம். வாரிசே இல்லை என்று உறுதியானால்தான் வேறு வழி. எண்ணாகமம் 5:8 அப்படிப்பட்டதைக் கர்த்தருக்கென்று ஆசாரியனிடம் கொடுக்கச் சொல்கிறது. இன்றைக்கு அதை ஏழைகளுக்குக் கொடுப்பது வழக்கம்.

தொகை 6,000 அல்ல. அந்த வருடம் 6,000 ரூபாய்க்கு எத்தனை மூட்டை நெல் வாங்கியிருக்கலாம் என்று அந்தக் காலத்து விவசாயி யாரையாவது கேளுங்கள். அத்தனை மூட்டைக்கு இன்றைய கொள்முதல் விலையைப் போட்டு, ஐந்தில் ஒரு பங்கு சேருங்கள். ஒரே தடவையில் முடியாவிட்டால் தவணையாகக் கட்டலாம். பெயர் சொல்லத் தைரியம் இல்லையென்றால் அதே குருவானவரிடம் மறுபடி போய், அவர் வழியாகக் கொடுத்துவிட முடியுமா என்று கேளுங்கள். பாவசங்கீர்த்தன இரகசியத்தை அவர் எந்தக் காரணத்துக்காகவும் உடைக்க முடியாது. "உங்கள் தகப்பனாருக்குச் சேர வேண்டிய பழைய பாக்கி" என்று ஒரு வரி எழுதி உறையில் வைத்தால் போதும்.